பாட்டு யாருதுன்னு பஞ்சாயத்து வைக்கிற பேராண்டிக்கு

உக்காருடா பேராண்டி. நேத்து ராத்திரி அல்சூர் ஆர்கெஸ்ட்ரா முடிஞ்சு நீயும் உன் ஆபீஸ் கூட்டாளியும் தெருவுல போட்ட சண்டை மாடி வரைக்கும் கேட்டுச்சு. 'ஜொதெயலி' எங்க கன்னடப் பாட்டுங்கிறான் அவன். அது எங்க 'விழியிலே' மெட்டு, சுட்டுட்டீங்கடாங்கிறே நீ. சண்டை நல்லதுதான், தின்ன பிரியாணி செரிக்கும். ஆனா கிருஷ்ணகிரியில மாங்கா வித்தவனுக்குத் தெரிஞ்ச வருஷக் கணக்கு கம்ப்யூட்டர் படிச்ச உனக்குத் தெரியலையே! சங்கர் நாக் 'கீதா' எடுத்தது 1981. நம்ம மணிவண்ணன் 'நூறாவது நாள்' எடுத்தது 1984. அண்ணனைக் காட்டி, இவன் தம்பிக்குப் பொறந்தவன்னு சொன்னா ஊர் சிரிக்காதா?

சுட்டதுன்னே வெச்சுக்குவோம். யார்கிட்டேர்ந்து யார் சுட்டது? ரெண்டு படத்துக்கும் இசை அதே பண்ணைப்புரத்து இளையராஜா. அவர் மெட்டை அவரே எடுத்துப் போட்டாரு. புகார் குடுக்க ஆளே இல்லாத கேசுக்கு நீ எதுக்குடா தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கிறே?

உன் கூட்டாளியும் லேசுப்பட்டவன் இல்ல. "நம்ம ஹாடு"ன்னு மார்தட்டினானே, அவன் கணக்கையும் பாப்போம். மெட்டு தமிழருது. பாடின எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி ரெண்டு பேருக்கும் தாய்மொழி தெலுங்கு. வாயசைச்ச சங்கர் நாக் ஹொன்னாவரத்துல பொறந்த கொங்கணிக்காரர். எழுதின சி.உதயசங்கர் ஒருத்தர்தான் அசல் கன்னடிகர். அவர் பேரை நேத்து அவன் ஒரு தடவையாவது சொன்னானா?

நீ மட்டும் என்னவாம்? தமிழ்லயும் பாடினது அதே பாலு, அதே ஜானகி. திரையில பாடின மோகனோ கர்நாடகத்துக்காரர். 1977-ல பாலுமகேந்திரா எடுத்த 'கோகிலா'ங்கிற கன்னடப் படத்துலதான் முகத்தைக் காட்டினாரு. நாம அவருக்கு 'மைக் மோகன்'னு பட்டம் வேற குடுத்தோம். பாதிப் பாட்டு பாலு பாடினது, முக்காவாசி வசனம் எஸ்.என்.சுரேந்தர் பேசினது. மைக்கைப் பிடிச்ச கை மட்டும் மோகனோடது, அதை நான் மறுக்கல.

இந்தக் கூத்து இன்னிக்கு நேத்து வந்ததில்ல. கன்னட நடிகர் ராஜ்குமார் பாட்டுன்னு இந்த ஊர் கொண்டாடுதே, அதுல பழசு முக்காவாசி காக்கிநாடாவுல பொறந்த பி.பி.ஸ்ரீனிவாஸ் குரல். அதே குரலை நாம ஜெமினி கணேசன் தொண்டையில வெச்சு உருகினோம். ராஜ்குமாரும் சும்மா இருக்கல. 1974-ல 'சம்பத்திகெ சவால்' படத்துல எருமை மேல ஏறி உக்காந்துகிட்டுத் தானே பாடினாரு; அப்புறம் 'ஜீவன சைத்ர' படத்துல பாடினதுக்குத் தேசிய விருதே வாங்கினாரு.

இப்ப அர்த்தத்துக்கு வா. இந்த ஊர்ல எந்த சவுல்ட்ரிக்குப் போனாலும், பொண்ணு மாப்ள மேடை ஏறினதும் கீபோர்டுக்காரன் இந்த 'ஜொதெயலி' மெட்டைத்தான் எடுக்கறான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'கீதா'வுல கூடவே வருவேன்னு பாடிக்கிட்டுப் போற அந்தப் பொண்ணு படம் முடியறதுக்குள்ள ரத்தப் புற்றுநோயில போய்ச் சேந்துடுவா. தமிழ்ல கதை இன்னும் விசேஷம். உருகி உருகிப் பாடற புருஷன்தான் கொலைகாரன். கட்டின பொண்டாட்டியையே சுவத்துக்குள்ள நிக்க வெச்சுப் பூசறான். முன்வரிசையில உக்காந்திருக்கற மாமனாருங்க தலையாட்டி ரசிக்கறாங்கடா!

2007-ல இதே மெட்டு 'சீனி கம்' படத்துல இந்திக்கும் போச்சு. பாடினது ஸ்ரேயா கோஷல். அங்க ஜோடி, 64 வயசு சமையல்காரரும் 34 வயசுப் பொண்ணும். அமிதாப் பச்சனும் தபுவும். அந்த ஜோடியில யாரும் சாகல, யாரையும் பூசல. மூணுல உருப்படி அந்தக் கிழவன் கதைதான். ஆயா காதுல போட்டுடாதே.

அதனால நான் சொல்றதைக் கேளு. உன் கல்யாணத்துக்கும் இதையே வாசிக்கச் சொல்லு, மெட்டு அப்படிப்பட்டது. பொண்ணு வீட்டுல யாராவது 'நூறாவது நாள்' பாத்தவங்களான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோ. சங்கர் நாக் படம் ஒட்டின ஆட்டோவுல ஏறினா, பாட்டு யாருதுங்கிற பேச்சையே எடுக்காதே. 1980-ல 'ஆட்டோ ராஜா' வந்ததுலேர்ந்து அவர் அவங்களுக்குக் குலசாமி. மீட்டருக்கு மேல இருவது ரூபா கேட்டா நான் பொறுப்பில்ல. உன் கூட்டாளியைத் திங்கக்கிழமை பாக்கறப்ப, 'ஜொதெயலி' எழுதினது யாருன்னு கேளு. சொல்லிட்டான்னா பை-டூ காபி, காசு உன்னுது. முழிச்சான்னா ஆளுக்கொரு முழு காபி சொல்லு, காசை அவன் குடுக்கட்டும்.