குடத்துள் வைத்த விளக்கு

12ஆம் நூற்றாண்டுப் பாண்டிய வாரிசுப் போரில் இலங்கைப் படை தமிழகத்துப் பொன்னமராவதி வரை வந்ததை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது; அரியணை யாருக்கு என்பதை வாள் தீர்த்த அக்காலத்தில் எத்தனை விழுக்காடு என்று எவரும் கேட்கவில்லை. நாகரிகம் முதிர்ந்தபின் அதே இலங்கையில், 1982 டிசம்பர் 22 அன்று, பொதுவாக்கெடுப்பு, அதாவது ஒரே வினாவுக்கு மக்கள் ஆம் அல்லது இல்லை என நேரடியாக விடையளிக்கும் முறை, நெருக்கடிநிலை நடப்பிலிருந்தபோதே நடத்தப்பட்டது. 1977 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடங்கள் கிடைத்த நாடாளுமன்றத்தைத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்பதே வினா. ஆம் என்பதற்குச் சின்னம் விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். 54.66 விழுக்காட்டில் விளக்கு வென்றது; ஆளுங்கட்சி அதை மக்கள் தீர்ப்பு என்றது, எதிர்த்தரப்பு முறைகேடு என்றது. குடத்துள் வைத்த விளக்கு என்பது ஒளி வெளிப்படாமையைச் சுட்டும் தமிழ் உவமை. அங்கோ விளக்கே வென்றும், நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் என்னும் ஒளி 1989 வரை குடத்துள்தான் கிடந்தது. பொன்னமராவதி அடங்கிய புதுக்கோட்டை சமஸ்தானமோ 1948 மார்ச் 3 அன்று வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவுடன் இணைந்தமையால், எண்ணிக்கையில் குளறுபடி என்று வாதிடும் நற்பேறு அவ்வூருக்கு வாய்க்கவேயில்லை.