எல்லாம் தலையெழுத்து!

கேள்வி: 3 கோடி பேர் உள்ள டேபிள். பெயருக்கு இண்டெக்ஸ் போட்டும் ‘முருகன்’ என்று தேடினால் குவெரி ஆமையாக ஊர்கிறதே. புது சர்வர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லாம் தலையெழுத்து! ‘கே. முருகன்’, ‘எஸ். முருகன்’ என்று இனிஷியலை முன்னால் வைத்துப் பதிந்திருப்பீர்கள். அதனால் தேடும்போது முருகனுக்கு முன்னால் ஒரு சதவீதக் குறி. அகராதியில் ‘கன்’ என்று முடியும் சொற்களைத் தேடிப் பாருங்கள், முதல் பக்கத்திலிருந்து புரட்டத்தான் வேண்டும். சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸும் முதலெழுத்து தெரியாமல் வழிகாட்டாது.

மைஎஸ்க்யூஎல் என்றால் குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ போடுங்கள். ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வந்தால், 3 கோடி வரிசையையும் ஒவ்வொன்றாகத் தடவுகிறது என்று அர்த்தம். இனிஷியலைத் தனி ஃபீல்டுக்கு மாற்றிவிட்டு, முன்னால் நிற்கும் அந்தச் சதவீதக் குறியை எடுத்துவிடுங்கள். சர்வர் பணம் மிச்சம்.