வருக்கையா, கூழனா?

எங்கள் புதுக்கடைப் பக்கத்தில் சக்கை, அதாவது பலாப்பழம், வாங்குவது ஒரு சாஸ்திரம். விரலை மடக்கித் தட்டுவார்கள். காம்பை முகர்வார்கள். முள் விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பிறகு, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த டாக்டர் மாதிரி ஒரு மௌனம். கடைசியில் தீர்ப்பு: "வருக்கை." சுளை கெட்டியாக இருக்கிற ரகம். வீட்டில் கொண்டுபோய் அறுத்தால் கூழன். சுளை வாயில் நிற்காமல் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். தட்டினவர் மட்டும் தோல்வியை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "மரம் வருக்கைதான் மக்கா, மழை கெடுத்துப் போட்டு" என்பார்.

இதே சாஸ்திரத்தை அமெரிக்காக்காரன் மனுஷப் பிள்ளைகளிடம் செய்கிறான். அதற்குச் சம்பளமும் வாங்குகிறான்.

அவன் ஊர் விளையாட்டுக்குப் பெயர் ஃபுட்பால். காலுக்கு அதில் பெரிய ஜோலி இல்லை. பந்து நம் அயனிச்சக்கை வடிவம். குவார்ட்டர்பேக் என்று ஒருத்தன் எறிவான். ஓரத்தில் நிற்கும் வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அவன் பிடிக்கிற நேரம் பார்த்து, சிமெண்ட் மூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி ஒருத்தன் வந்து இடிப்பான். இவ்வளவுதான் விளையாட்டு, மீதி நேரம் விளம்பரம்.

கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் பங்குபோட்டுக்கொள்ளும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். கல்யாணப் பந்தி மாதிரிதான், ஆனால் தலைகீழ்ப் பந்தி. போன வருஷம் மண்ணைக் கவ்வியவனுக்கு முதல் இலை, கோப்பை வாங்கியவனுக்குக் கடைசி இலை. 1985-இல் மொத்தம் 28 அணிகள். சூப்பர் பவுல் என்கிற அந்தக் கோப்பையை ஜெயித்த களைப்போடு சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 28-ஆவது இலையில் உட்கார்ந்திருந்தது. அந்த இலைக்குப் பாயசம் வந்து சேருவதே சந்தேகம்.

அந்த வருஷச் சந்தைக்கு வந்த ஒரு சக்கையின் பெயர் ஜெர்ரி ரைஸ். பெயரிலேயே அரிசி. மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்கிற பட்டிக்காடு. அப்பா கொத்தனார். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு மைக்காட்டு வேலை. கீழே நிற்கும் அண்ணன் தம்பிகள் செங்கலை எறிய, சாரத்தில் நின்று ஜெர்ரி பிடிக்க வேண்டும். பந்தைத் தவறவிட்டால் பாயிண்ட்தான் போகும். செங்கலைத் தவறவிட்டால் முதலில் அது காலில் விழும், அப்புறம் அப்பாவின் ஏச்சு காதில் விழும். இது எங்கள் ஊரில் வீடு கட்டுகிற இடமெல்லாம் நடக்கிற சங்கதி. பீடி பற்றவைத்துக்கொண்டே ஒற்றைக் கையில் செங்கல் பிடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த அமெரிக்க அணியும் அவர்களுக்கு ஆள் அனுப்பவில்லை.

பையனை முதன்முதலில் சரியாக மதிப்பிட்டவர் பள்ளிக்கூடத்துத் துணைத் தலைமையாசிரியர். ரைஸ் மட்டம்போட்டுத் திரிந்த ஒரு நாள், அவர் பின்னால் வந்து நின்றார். பயல் எடுத்த ஓட்டத்தில் மனுஷன் அசந்துபோனார். பிறகு பிடித்து அடித்தார், அடித்த கையோடு ஃபுட்பால் கோச்சிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்டாப்வாட்ச் இல்லை, அறிக்கை இல்லை. பயந்தவன் எப்படி ஓடுகிறான் என்று பார்த்தார், முடிந்தது விஷயம்.

படித்த கல்லூரி மிசிசிப்பி வேலி ஸ்டேட். கறுப்பின மாணவர்களுக்காக உருவான சின்னக் கல்லூரி. அங்கே வில்லி டோட்டன் எறிவார், ரைஸ் பிடிப்பார். 1984-இல் அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 60 பாயிண்டுக்கு மேல் குவித்தது. ரைஸ் மட்டும் 27 டச்டவுன், அதாவது எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தது 27 தடவை. நியாயமாக நிபுணர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்கள். அவர்கள் முனகியதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் இப்படி: "பய கொள்ளாம். ஆனா அடிச்சதெல்லாம் சின்னக் காலேஜ் பிள்ளைகள. பிறவு, ஓட்டம் பத்தாது கேட்டியா."

ஓட்டம் என்றால் 40 கெஜம், நம் கணக்கில் 36 மீட்டரும் கொஞ்சமும். நேர்கோட்டில், எதிரே ஆளில்லாமல், கையில் பந்தில்லாமல் ஓட வேண்டும். வைட் ரிசீவரின் பிழைப்போ ஓடுகிற ஓட்டத்தில் சடக்கென்று திரும்பி, துரத்துகிறவனைத் தவறான பக்கம் அனுப்பிவிட்டு, தலைக்கு மேல் வருவதைப் பிடிப்பது. மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி ஓட்ட வேண்டியவனை நாலுவழிச் சாலையில் விட்டு லைசென்ஸ் கொடுக்கிற கதை. செங்கல் பிடித்த கையை அளக்க அவர்களிடம் கடிகாரம் இல்லை. அதனால் காலை அளந்தார்கள்.

ஃபார்ட்டி நைனர்ஸ் கோச் பில் வால்ஷ் அண்ணனுக்கு ரைஸைத் தெரிந்தது தற்செயலாக. 1984 அக்டோபரில், ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, ஓட்டல் அறையில் டிவியைப் போட்டார். கல்லூரி ஆட்டங்களின் துணுக்குகள் ஓடின. ஒரு பயல் பிடிக்கிறான், ஓடுகிறான், மறுபடி பிடிக்கிறான். அண்ணன் சக்கையைத் தட்டவில்லை, சுளை தின்கிறவன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

1985 ஏப்ரல் 30. பத்தாவது இலையில் நியூயார்க் ஜெட்ஸ் ஆல் டூன் என்கிற ரிசீவரை எடுத்தது. பதின்மூன்றாவதில் சின்சினாட்டி எட்டி பிரவுனை எடுத்தது. பதினேழாவதில் டல்லாஸ் கௌபாய்ஸ் ரைஸுக்காக நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தது. வால்ஷ் தன் கடைசி இலையோடு பின்னால் வரவேண்டிய தேர்வுகளையும் நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து, பதினாறாவது இலையில் போய் உட்கார்ந்தார். டல்லாஸ்காரனுக்கு முன்னால் கிண்ணம் காலி.

அறுத்துப் பார்த்தால் கூழன்! முதல் பருவத்தில் பயல் பந்தைக் கீழே போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். சொந்த மைதானத்துக் கூட்டமே ஊளையிட்டது. தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருது எட்டி பிரவுனுக்குப் போனது. தட்டினவர்கள் எல்லாரும் "நான் அப்பவே சொன்னேம்லா" என்று மீசையை முறுக்கியிருப்பார்கள். பருவம் முடிகிற டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ராத்திரி பந்தைப் பிடித்து முன்னேறியது 241 கெஜம். 1987-இல் 12 ஆட்டத்தில் 22 டச்டவுன். மூன்று சூப்பர் பவுல். 42 வயதுவரை ஆடி, 1,549 முறை பிடித்து, 22,895 கெஜம் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். வேகம் போதாதவரைப் பிடிக்க, வேகமானவர்கள் இருபது பருவம் துரத்தினார்கள்.

இதையெல்லாம் புதுக்கடையில் இருந்துகொண்டு நான் ஏன் சொல்கிறேன்? எங்களிடமிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் கடல். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாகக் கரையூர்கள். ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள், கரையில் இருந்தால் பந்து உதைக்கிற ஊர்கள். அசல் காலால் உதைக்கிற பந்து. இரவிபுத்தன்துறையில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று ஏறி, 2019-20-இல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற ஏடிகே அணியில் ஆடினார். ஓரத்தில் பறக்கிற விங்கர். அங்கே கோச் ஹபாஸ் அவரை இடது ஓரம் முழுவதுக்கும் காவல்காரர் ஆக்கினார். முன்னாலும் போ, பின்னாலும் வா.

2020 நவம்பர் 20. புதுப் பருவத்தின் முதல் ஆட்டம், கோவாவில் கொரோனாவால் ஆளில்லாத மைதானம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் முழங்கால் போனது. அந்தப் பருவமும் அதோடு போனது. வேகத்தை அளக்கலாம், திறமையை மோப்பம் பிடிக்கலாம், கோச்சின் மனசைக்கூடக் கணக்குப் போடலாம். முழங்காலுக்குள் இருக்கிற தசைநாரை எந்த விரலால் தட்டுவது?

எங்கள் ஊர்ச் சாயக்கடையில் இன்றும் யாராவது சூசைராஜ் பேச்சை எடுத்தால், பெஞ்சில் இருக்கும் பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார், "மரம் வருக்கைதான் மக்கா, மழை கெடுத்துப் போட்டு." ஆயுசு முழுக்க அவர் சொன்ன சாக்குகளில் இது ஒன்றுதான் உண்மை.