மூன்றாவது பட்டன்

மகனைப் பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போகிறோம் என்றதும், வீட்டில் நான் பேச்சாளனாகிவிட்டேன். தலைப்பு, 'எங்க காலத்து ஹாஸ்டல்'. நான் சேர்ந்தது 1993-இல். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997-இல். அதாவது, நான் பட்டதெல்லாம் சட்டப்படி செல்லும்.

சீனியர் எதிரே வந்தால் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது; நம் சட்டையின் மூன்றாவது பட்டனைத்தான் பார்க்க வேண்டும். மீசை கூடாது. எனக்கு அப்போது முளைக்கவே இல்லை. அதையும் கட்டுப்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டேன். விடுதி வராந்தாவைத் தீக்குச்சியால் அளக்கச் சொன்னார்கள், அளந்தேன். மகனிடம் இந்த இடத்தை மட்டும் "எதிர்த்து நின்னேன்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். (சிரிக்கச் சொல்கிறேனே தவிர, அந்தச் சட்டம் ஒரு மாணவனின் உயிர் போன பிறகுதான் வந்தது.)

சேர்க்கை நாளன்று வாளி, கப், பூட்டு, மெத்தை, முறுக்கு டின் சகிதம் போய் இறங்கினோம். தாடி வைத்த பையன் ஒருவன் ஓடி வந்து, "குடுங்க அங்கிள்" என்று மெத்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூன்றாம் ஆண்டாம். சீனியர் என்று காதில் விழுந்ததுமே என் தலை தானாகக் குனிந்தது. மூன்றாவது பட்டன் இருந்த இடத்தில் ஊக்கு இருந்தது.

பிறகு உறுதிமொழிப் பத்திரம். 2009-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று, வருஷா வருஷம் தர வேண்டும். எது எது ராகிங் என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது. கேலி பேசுவது, வழக்கமாகச் செய்யாத காரியத்தைச் செய்ய வைத்துக் கூசிப்போக விடுவது, செலவை வலுக்கட்டாயமாகத் தலையில் கட்டுவது... படிக்கப் படிக்க என் கண் மனைவி பக்கம் போனது.

"என்ன பார்வை? கையெழுத்தப் போடுங்க" என்றாள். போட்டேன்.

மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். அரிசி, பருப்பு, பால், கேஸ் என்று மாதச் செலவு மொத்தத்தையும், எல்லாரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும். அவரவர் இருந்த நாளுக்கு அவரவர் கட்ட வேண்டும். முட்டை, ஆம்லெட் எல்லாம் 'எக்ஸ்ட்ரா'. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்துப்போய், ஊர் திரும்பியதும் வீட்டிலும் அமல்படுத்த ஒரு நோட்டுப் போட்டேன்.

மனைவி சண்டை போடவில்லை. நோட்டை வாங்கி, நான் வெளியூர் போன நாட்களை நேர்மையாகக் கழித்துவிட்டு, எக்ஸ்ட்ரா பக்கத்தைத் திறந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் காபி, மழைக்குப் பஜ்ஜி, 'சும்மா ஒரு ஆம்லெட்', நண்பர்கள் வந்தபோது 'சும்மா நாலு ஆம்லெட்'. சமையல் கூலி தனி வரி. மொத்தத்தைப் பார்த்த பிறகு நோட்டு பரண் ஏறியது.

மகன் போன் செய்தான். ஞாயிறு சிக்கன் போடுகிறார்களாம், சீனியர் அண்ணா நோட்ஸ் தந்தாராம்.

"தீக்குச்சி ஏதாவது..." என்று இழுத்தேன்.

"கொசுவத்திக்காப்பா? இங்க லிக்விட்தான்" என்றான்.

ராகிங் புகாருக்கு நாடு முழுவதற்கும் ஒரு கட்டணமில்லா எண் இருக்கிறது: 1800-180-5522. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். பிள்ளையை விடுதியில் விடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பஸ்தர்கள் சொந்தப் புகாரோடு முயல வேண்டாம். நாமெல்லாம் அந்த விதியில் வர மாட்டோம்.