மூன்றாவது மாடியின் மிதப்பு

எங்கள் வீட்டில் அலாரம் கிடையாது. ஃபேன் நின்றால் நான் எழுந்துவிடுவேன். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை விடியற்காலையில் அப்படித்தான் எழுந்தேன். மிக்ஜாம் புயல் கரையேறவும் மனசில்லாமல் போகவும் மனசில்லாமல் சென்னைக்கு எதிரே கடலில் உட்கார்ந்து கொட்டிக்கொண்டிருந்தது.

வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருப்பவனுக்கு மழைக்காலத்தில் ஒரு மிதப்பு உண்டு. தரைத்தளத்திலும் மிதப்பு உண்டு. அது கட்டில், பீரோ சம்பந்தப்பட்டது. விவரம் தெரிந்தவர்கள் முந்தின நாளே காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். நான் ஸ்கூட்டர்தானே என்று விட்டுவிட்டேன். காலையில் அதன் கண்ணாடிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

இதில் யாரைக் குறை சொல்வது? எங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போகவேண்டும். மிச்சமிருந்த சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் அந்தஸ்து வாங்கியாயிற்று. மிச்சமில்லாத இடத்தில்தான் நாங்கள் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் பழைய விலாசத்துக்கே வந்து நின்றது.

நான் மனைவியிடம் புகார்களை அடுக்க ஆரம்பித்தேன். கரண்ட் இல்லை. போனில் 11 சதவீதம். பால் வரவில்லை. மோட்டார் ஓடாததால் டாங்க் காலி. தெருவெல்லாம் தண்ணீர், குழாயைத் திறந்தால் காற்று. மொட்டை மாடியில் பக்கெட் வைத்து மழையைப் பிடித்து பாத்ரூமுக்கு ஊற்றும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

தரைத்தளத்து அக்கா, அவர் வீட்டுக்காரர், பையன், மாமியார். இடுப்புக்குக் கீழே ஈரம். அக்கா கையில் பாலித்தீன் பை: பத்திரம், ரேஷன் கார்டு, பையனின் மார்க் ஷீட். மாமியார் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கை மார்போடு அணைத்திருந்தார். நகையாக இருக்கும் என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இட்லி மாவு தம்பி. நேத்துதான் அரைச்சேன். ஃபிரிட்ஜு முழுகிடுச்சு. அதுக்காக மாவையும் விட்டுட்டு வர முடியுமா?"

நல்லவேளை, எங்கள் சிலிண்டர் தீரவில்லை. ஆறு பேருக்கும் அன்று இட்லி. மறுநாள் ரவையைக் கலந்து ஊத்தப்பம். முதல் இட்லியைப் பிட்டதும் நான், "சட்னி இல்லையா?" என்றேன். மிக்ஸி ஓடாது என்பது எனக்கும் தெரியும். வாய் பழக்கம். மனைவி பார்த்த பார்வையில் மிளகாய்ப் பொடியே தித்தித்தது.

கட்டிலை மாமியாருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தேன். விடிந்ததும் முதுகுவலியைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "எங்க கட்டில் இப்ப எந்த ரூம்ல இருக்கோ?" என்று அவர் பேரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். அரை லிட்டர் பால் நூறு ரூபாய் என்று கேட்டபோது மட்டும், பால் கொதிப்பதற்கு முன்பே நான் கொதித்தேன்.

கரண்ட் வியாழக்கிழமை இரவு வந்தது. ஃபேன் சுற்றியதும் கைதட்டினோம். மோட்டார் போர்டு காய்ந்து சரியாக வெள்ளி சாயங்காலம் ஆயிற்று. டாங்க் நிரம்பி வழிந்தால் மாடியிலிருந்து முதலில் கத்துபவன் நான்தான். அன்று மொட்டை மாடிக்குப் போய், கொஞ்ச நேரம் அது வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே அக்கா வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்தித்தான் மோட்டாரை நிறுத்தினேன்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று மனைவி தூக்கில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். மாமியார் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி எங்க தம்பி?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.