ஆயக்கட்டு இல்லாத ஏரி

மலையேறும் குடும்பங்கள் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம் எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொள்ளும். நாங்கள் கொடைக்கானலுக்குப் போனபோது இவற்றோடு ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். அவர் என் மாமனார். மேலூர், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலேயே வேலைபார்த்துத் தலை நரைத்தவர். எங்கே தண்ணீர் கிடந்தாலும் மடை எங்கே, கலுங்கு எங்கே, எத்தனை ஏக்கர் பாயும் என்று கேட்பார். 'அழகாக இருக்கிறது' என்று அவர் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு ஷட்டரைப் பற்றித்தான்.

நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பயணத்தின் நோக்கம் 'சுற்றுலா' என்று நான் தட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர், "கள ஆய்வுன்னு போட வழியில்லையா மாப்பிள்ளை?" என்றார். அப்போதே சுதாரித்திருக்கலாம்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் என் மனைவியும் மகளும் ஒரே எலுமிச்சம்பழத்தை முறை வைத்து முகர்ந்தார்கள். டம்டம் பாறையில் இறங்கினோம். எதிரே தலையாறு அருவி, ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைக் கோடாக விழுகிறது. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அங்கே நின்ற அத்தனை பேரும் அருவியைப் பார்த்தார்கள். மாமா மட்டும் கம்பியைப் பிடித்துக் கீழே குனிந்து, "அந்தா மஞ்சளாறு அணை!" என்று கூவினார். பக்கத்தில் நின்றவர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறிப்போனார்.

அதற்குப் பிறகு மாத்திரை வேலை செய்ய, மாமா உறங்கிவிட்டார். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் வெள்ளி அருவி வந்தது, யாரும் எழுப்பவில்லை. அதன் பலனைப் பிற்பாடு அனுபவித்தோம்.

ஏரியைப் பார்த்ததும் என் மகள் வாத்து எங்கே என்றாள். அத்தை உட்கார இடம் எங்கே என்றார். மாமா கரை எங்கே என்றார். நான் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தேன். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது, நட்சத்திர வடிவம், 60 ஏக்கர் பரப்பு, சுற்றிவந்தால் ஐந்து கிலோமீட்டர் என்று அடுக்கினேன்.

"கலெக்டரே கட்டினாரா? பேஷ். ஆயக்கட்டு எவ்வளவு?"

"ஆயக்கட்டெல்லாம் இல்ல மாமா. படகு விடுறதுக்குத்தான்."

சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்டவர் போல அவர் முகம் சுருங்கியது. "அறுபது ஏக்கர் தண்ணி! ஒரு குழி நிலத்துக்குக்கூடப் பாயலைங்கறீங்க?" சரி, பாய வேண்டாம், பெருகினால் வெளியேற வேண்டுமே, கலுங்கு எங்கே? அந்தக் கேள்விதான் எங்களைப் பெடல் படகில் ஏற்றியது. நானும் மனைவியும் மிதிக்க, மாமா முன்னால் உட்கார்ந்து, "கரையை ஒட்டியே விடுங்க, கரையை ஒட்டியே" என்று உத்தரவு போட்டார். தேன்நிலவுத் தம்பதிகள் ஒதுங்கியிருந்த மரநிழல்களை எல்லாம் வரிசையாக ஆய்வு செய்தோம். ஓரிடத்தில் ஒரு ஜோடியிடம், "தம்பி, இந்தப் பக்கம் தண்ணி இழுக்குதா?" என்று கேட்டார். அந்தப் பையன் படகைத் திருப்பிய வேகத்தை நான் மோட்டார் படகில்கூடப் பார்த்ததில்லை. கலுங்கு அகப்படுவதற்குள் படகுத்துறையில் விசில் ஊதிவிட்டார்கள்.

மறுநாள் தூண் பாறை. 400 அடி உயரத்தில் மூன்று பாறைகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் என்கிறார்கள். நாங்கள் போனபோது நின்றது பனிமூட்டம். எல்லோரும் வெண்மையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு வந்தோம். கொடைக்கானலில் மூடுபனி எத்தனை காட்சிகளை மறைத்தாலும் பஜ்ஜிக் கடையை மறைத்ததாகச் சரித்திரம் இல்லை.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அத்தை சந்நிதியைச் சுற்றிவந்து, "குறிஞ்சிப் பூவை எங்கடி காணோம்?" என்றார். 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் என்று மனைவி விளக்கினாள். "அப்பன்னா ரூமை இப்பவே சொல்லி வச்சிருங்க மாப்பிள்ளை, சீசன்ல ஏத்திருவான்" என்றார் அத்தை. அதற்குள் பனி விலகியது. வானம் தெளிந்தால் அங்கிருந்து வைகை அணை தெரியும். மாமா மூலவருக்கு நேராக முதுகைக் காட்டி நின்று, தூரத்துத் தகட்டுப் பளபளப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எழுபத்தோரடி" என்றார் தழுதழுத்த குரலில். மதுரைக்காரனுக்கு விளக்கம் தேவையில்லாத எண் அது.

இறங்கும் வழியில் வெள்ளி அருவி மறுபடி வந்தது. ஏரியின் உபரிநீர்தான் இங்கே 180 அடி விழுகிறது என்று டிரைவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். வண்டி நிற்பதற்குள் மாமா கதவைத் திறந்தார்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? இதுல்ல கலுங்கு!"

தூரத்திலிருந்தே கன அடிக் கணக்குப் போட ஆரம்பித்தார். செல்ஃபி எடுத்தவர்களை, "கொஞ்சம் தள்ளுங்க, போக்கு தெரியணும்" என்று கையால் ஒதுக்கினார். காவலாளி என்று நினைத்து ஒருவர் அவரிடம் கழிப்பறைக்கு வழி கேட்டார். மாமா அவருக்கு 1863-லிருந்து ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், பேச்சிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்தது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிங்க, ஆயக்கட்டு எவ்வளவு?" என்றார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பூண்டு மூட்டைக்கும் குரங்குகளுக்கும் நடுவே காவல் இருந்த அத்தை, மிச்சமிருந்த புளியோதரைத் தூக்கின் மூடியைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் மேட்டூரையும் வைகையையும் பேசி முடிக்க நேரமாகும். நீங்க தட்டை எடுங்க மாப்பிள்ளை."