அயலூர்க் கைப்பேசியின் குடியுரிமை: குடவாசலை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர் கையோடு கொண்டுபோகும் கைப்பேசியை அந்த நாட்டு அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா என்று குடவாசல் கடைத்தெருவில் கேட்டால், "எதுக்குங்க?" என்ற மறுகேள்விதான் வரும். அதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் பிழைக்கப் போவது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும். அங்கெல்லாம் விசா, பர்மிட், மெடிக்கல், கைரேகை எல்லாம் ஆளுக்குத்தான். போன் அதுபாட்டுக்கு உள்ளே போய்விடும். ஆளோடு போனையும் வாசலில் நிறுத்தி விசாரிக்கும் நாடுகள் வேறு: துருக்கி, பாகிஸ்தான், இந்தோனேசியா, அண்மையில் இலங்கை. துருக்கிக்குக் குடிபோன குடவாசல்காரர் எவரும் கண்ணில் படாததால், இவ்வாய்வு முற்றிலும் விருப்புவெறுப்பற்றது.

முதலில் ஆய்வுப்பொருளின் இலக்கணம். எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று எழும்பும். ஐஎம்இஐ என்பது அதன் பெயர். முதல் எட்டு இலக்கம் கம்பெனியையும் மாடலையும் சொல்லும். அடுத்த ஆறு வரிசை எண். கடைசி ஒன்று, முன்னால் நிற்கும் பதினான்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் கண்ட கணக்கு அது. இரண்டு சிம் போடும் போனுக்கு எண்ணும் இரண்டு. ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு மற்றதை மறந்தால் அந்தப் போனில் பாதி குடிமகன், பாதி கள்ளக்குடியேறி.

வெளியூரிலிருந்து வந்ததைப் பிடித்துவைத்து, கேட்டதைத் தாமதமாகக் கொடுக்கும் முறைக்குக் குடவாசலே மூத்த சான்று என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்ததைப் புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. தண்ணீர் கேட்டார், வரவில்லை, பிறகு வந்தது, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பாட்டைச் சொல்லி உயிரை விட்டார். அலுவலக நடையில் எழுதினால், சேவை காலங்கடந்து வழங்கப்பட்டது, விண்ணப்பதாரர் ஏற்க மறுத்துவிட்டார், கோப்பு முடிக்கப்பட்டது. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவரை மீட்டார் என்றொரு மரபும் உண்டு. அது மேல்முறையீடு. முன்னதைவிடப் பின்னது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நம்புகிறவர்கள் அரசு அலுவலகம் பக்கம் போகாதவர்கள்.

நடுவில் வானொலிக் காலம் ஒன்று போயிற்று. மலேயாவிலிருந்து வந்த டிரான்சிஸ்டருக்கும் தபாலாபீசில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில் அது ஒழிந்தது.

இந்தியா கைப்பேசியை எண் கேட்டு மடக்கியது 2009 டிசம்பர் 1 முதல். மும்பைத் தாக்குதலுக்குப் பின் வந்த கெடுபிடி. நாலு ஸ்பீக்கரும் இழுத்தால் நீளும் டிவி ஆண்டெனாவுமாகத் தெருவையே அதிரவைத்த 'கொரியா செட்' பலவற்றில் எண்ணே கிடையாது. இருந்தால் பதினைந்தும் சைபர். எண்ணில்லாப் போன்களின் வாயை அடைக்கச் சொன்ன அரசு, 199 ரூபாய் கட்டினால் எண் பதித்துத் தரும் திட்டத்துக்கும் வழிவிட்டது. பிறந்து, வளர்ந்து, சம்பாதிக்கத் தொடங்கியபின் பிறப்புச் சான்றிதழ்! 2023 ஜனவரி 1 முதல் கம்பெனிகளும் இறக்குமதியாளர்களும் விற்பனைக்கு முன்பே எண்களை அரசுத் தளத்தில் பதிகிறார்கள். தனியாள் சட்டைப்பையில் வரும் போனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி மையப் பிரச்சினை. துருக்கியில் வெளிநாட்டுப் போன் உள்ளூர் சிம்மில் 120 நாள் பேசும். அதற்குள் கட்டணம் கட்டிப் பதியாவிட்டால் ஊமையாகிவிடும். கட்டணம் 2023 ஜூலையில் 20,000 லிரா, 2024இல் 31,692, 2025இல் 45,614. ஒரு பாஸ்போர்ட்டுக்கு மூன்று ஆண்டில் ஒரு போன்தான். பாகிஸ்தானும் தாயகம் வந்துபோகும் தன் மக்களின் போனுக்கு அதே 120 நாள் தவணை கொடுத்தது. நூறு என்றோ ஆறு மாதம் என்றோ முழுசாக வைக்காமல் ஏன் 120?

விடை ஆடுதுறையில் இருக்கிறது. 1922இல் அங்கே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் குறுவைக்குத் தந்த ஆடுதுறை 36, ஆடுதுறை 43 இரண்டுக்கும் வயது ஏறக்குறைய 110 நாள். அறுத்த நெல்லை அரசுக் கொள்முதல் நிலையமான டிபிசிக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது, காயவைத்து எடுத்து வாருங்கள் என்பார்கள். தார்ப்பாயை விரித்து, மூடி, மழைக்குப் பயந்து, சாக்குக்குக் காத்திருந்து மூட்டை ஏற பத்து நாள். ஆக 120. துருக்கிக்காரர்கள் போனைக் குறுவையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சம்பாக் கணக்கில் வாழ்கிறவர் அங்கே போனால் நிலைமை மோசம். சி.ஆர். 1009க்கு வயது 155 நாள். நூற்றிருபதாம் நாள் என்பது பொதி கட்டிக் கதிர் தலைநீட்டும் சமயம். அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனுக்கும் அப்படித்தான். நாலு மாதத்தில் பாங்கு அதில் ஏறிவிடும், வாட்ஸ்அப் ஏறிவிடும், பேரக்குழந்தையின் படம் ஆயிரம் ஏறிவிடும். வந்திறங்கிய அன்றே கேட்டால் "போய்யா" என்று போனைத் தூக்கிப் போட்டிருப்பார், இப்போது கட்டுவார். அரசு வரி போடுவது பழக்கத்துக்கு.

இலங்கை தவணை வைக்காமல் தேதி வைத்தது. 2025 ஜனவரி 28க்கு முன் அந்நாட்டு வலையமைப்பில் பேசிவிட்ட போன் பூர்வகுடி. பின்னால் வந்தது பதிவில் இருக்க வேண்டும். வாங்குமுன் எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கலாம். நாகப்பட்டினத்தில் காங்கேசன்துறைக் கப்பல் ஏறுகிறவர்கள் கவனிக்க.

நம் பக்கத்துக்கு வரும் போனின் சட்டம் திருச்சி விமான நிலையத்தில் நடக்கிறது. 2016 விதிகள் பயணி கொண்டுவரும் புதுச் சாமானுக்கு 50,000 ரூபாய் வரை தீர்வை விலக்கு வைத்தன; மிஞ்சினால் 38.5 சதவீதம். புழங்கும் பொருள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே கூத்தாநல்லூர்ச் சபராளி முதல் குடவாசல் பெயின்டர் வரை எல்லோரும் அறிந்த சூத்திரம்: பிரித்து, சிம்மைப் போட்டு, ரெண்டு போட்டோ எடுத்து, கையில் பிடித்துக்கொண்டு வா. டப்பா பின்னால் வேறொருவர் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் துண்டுக்கும் நடுவே வந்துசேரும்.

டப்பா ஏன் வந்தே ஆக வேண்டும் என்று கேட்கலாம். கும்பகோணத்துச் செகண்ட்ஸ் கடையில் போனை நீட்டினால், கடைக்கார அண்ணன் முதலில் *#06# அழுத்துவார். டப்பாவின் பக்கவாட்டு ஸ்டிக்கரைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பொருத்துவார். லூன் கண்ட பதினைந்தாம் இலக்கத்தில் விரல் நிற்கும். டப்பா இல்லையென்றால் இரண்டாயிரம் குறையும்.